பன்னிரண்டாவது மைலில் ஒரு முடிச்சு

7

பாதித் தோணி கெந்துஃபரு தீவின் மணலில் கிடந்தது. மீதிப் பாதி கடலுக்கடியில் போய்விட்டது. அது முழுத் தோணியாக இருந்தபோது அதில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் செத்துப்போனான். இன்னொருவர் பொய் சொல்கிறார். ஏன் சொல்கிறார் என்பதுதான் ஸஃபூராவுக்குப் பிடிபடவில்லை.

மாலத்தீவின் தலைநகர் மாலேயில் கடல் விபத்துகளை விசாரிக்க ஒரு குட்டி அலுவலகம் உண்டு. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஸஃபூரா, அவளுடைய உதவியாளன் ஜாஃபிர். அவ்வளவுதான் அலுவலகம். ஜாஃபிர் பதினெட்டு வருஷம் சரக்குக் கப்பல்களில் சமையல்காரனாக உலகைச் சுற்றிவிட்டு வந்தவன். அவன் வாயில் ஒன்று பாக்கு இருக்கும், இல்லாவிட்டால் நக்கல் இருக்கும். இன்றைக்கு இரண்டும் இருந்தன.

"மணி பதினொண்ணு மேடம். நாலு மணிக்குக் கப்பல் கிளம்புது. நீங்க என்னடான்னா தோணிக்கு மூக்கு எங்க, வாய் எங்கன்னு ஜோசியம் பாத்துட்டிருக்கீங்க."

"மூக்குதான் மிஞ்சியிருக்கு. அதைத்தான் பாக்க முடியும்."

முன்பாதி அது. நீலச் சாயம், வளைந்து உயர்ந்த முகப்பு. நடுவில் குறுக்காக அறுபட்டிருந்தது. ஸஃபூரா உள்ளே குனிந்து முகப்புக்குக் கீழிருந்த சின்னப் பெட்டியின் மூடியைத் திறந்தாள். ஒரு சாரத்துணியில் சுற்றி பெட்ரோமாக்ஸ் விளக்கு. கண்ணாடி உடையவில்லை. ஆட்டிப் பார்த்தாள். எண்ணெய் தளும்பியது.

ஜாஃபிர் எட்டிப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். அவன் அப்படிச் செய்வது வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும்.

ஸஃபூரா விளக்கை அதே துணியில் அதே மாதிரி சுற்றி, அதே இடத்தில் வைத்து மூடினாள்.

மூன்று நாளைக்கு முன்னால், விடிவதற்கு முன்பு, கெந்துஃபரு தீவுக்குக் கிழக்கே 'வெல்மோரா' என்ற சரக்குக் கப்பல் இந்தத் தோணியை ஏறி மிதித்துவிட்டுப் போனது. வேகத்தைக் குறைத்தது, பெரிய விளக்கைத் தண்ணீரில் அடித்துத் தேடியது, இரண்டு தலைகளைப் பார்த்தது, திரும்பவும் வேகம் எடுத்துப் போய்விட்டது. தோணியின் கேயொளு ஸாலிஹ், அதாவது அதன் தலைமை மீனவர், பலகை ஒன்றில் தொங்கியபடி உயிர் பிழைத்தார். அவருடைய மகளின் புருஷன் ஈஸா கால் நசுங்கி, விடியும்வரை அதே பலகையைப் பிடித்திருந்துவிட்டு, வெயில் ஏறியபோது கையை விட்டான்.

கப்பல் எங்கும் ஓடிவிடவில்லை. மறுநாளே பக்கத்துத் தீவில் புதிதாகக் கட்டும் உல்லாச விடுதிக்கு சிமெண்ட் இறக்க வந்து நங்கூரம் போட்டது. மூக்கில் நீலச் சாயம் அப்பிக்கொண்டு வந்து நின்றது. அந்த அளவுக்குத் தைரியம். அந்தத் தைரியத்துக்குக் காரணம் சட்டம்.

ஸஃபூராவின் இடுப்பில் இருந்த வாக்கி கரகரத்தது. சட்ட அலுவலகத்து ரிஃபாத். கப்பலுக்குப் பக்கத்தில் கடற்காவல் படகில் உட்கார்ந்திருந்தான்.

"ஸஃபூரா, ஒன்பதாம் சேனலுக்கு வா." அது அதிகாரிகளுக்கான தனிச் சேனல். அவள் மாற்றினாள். "கப்பல்காரங்க வக்கீல் மேல்தட்டுலேர்ந்து என்னையே பாத்துட்டிருக்கான். நாலு மணிக்கு மேல ஒரு நிமிஷம் நிறுத்தி வெச்சாலும் நம்ம மேல கேஸ் போடுவானாம்."

"மோதினதை ஒத்துக்கிட்டாங்களா?"

"ஏதோ தட்டியிருக்கலாம்னு ஒத்துக்கறாங்க. ஆனா இடம் பதினாலு புள்ளி ஆறு மைல். கப்பல் ஏட்டுல அப்படித்தான் எழுதியிருக்கு. நம்ம கேயொளுவும் அதையேதான சொல்றார். கரையிலேர்ந்து பன்னிரண்டு மைல் வரைக்கும்தான் நம்ம சட்டம். அதுக்கு வெளிய மோதினா, கப்பல் எந்த நாட்டுக் கொடி கட்டியிருக்கோ அந்த நாடுதான் விசாரிக்கணும். நம்மால கேப்டனையும் பிடிக்க முடியாது, கப்பலையும் நிறுத்த முடியாது."

ஜாஃபிர் குனிந்து வாக்கியில் வாயை வைத்தான். "சார், இருநூறு மைல் வரைக்கும் மீன் நம்மளுதுன்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்களே?"

"மீன் நம்மளுதுதான்."

"அப்ப அங்க மீனைத் திருடினா பிடிக்கலாம். மீன் பிடிக்கிறவனைக் கொன்னா பிடிக்க முடியாது."

"ஆமா," என்றான் ரிஃபாத். "அப்படித்தான் எழுதி வெச்சிருக்கு."

அந்தக் கொடி எந்த நாட்டுடையது என்று ஜாஃபிர் காலையில் கேட்டிருந்தான். கப்பலில் இருந்த யாருமே அந்த நாட்டைப் பார்த்ததில்லையாம். அந்த நாட்டில்தான் ஈஸாவுக்கு நீதி கிடைக்க வேண்டும். விளங்கினாற்போலத்தான்.

ஸஃபூரா தோணியின் அறுபட்ட விளிம்பில் விரலை ஓட்டினாள். பலகைகள் எல்லாம் இடமிருந்து வலமாக உள்நோக்கி வளைந்திருந்தன.

"ஜாஃபிர், கப்பல் எந்தத் திசையில போய்க்கிட்டிருந்தது?"

"வடக்கேர்ந்து தெக்கே. அதை மட்டும் உண்மையா எழுதியிருக்கான்."

"காத்து?"

"இருவைக் காத்து. இந்த மாசம் கிழக்கேர்ந்து அடிக்காம பின்ன எங்கேர்ந்து அடிக்கும்? கடல் ஓட்டமும் கிழக்கேர்ந்து மேற்கதான்."

அவள் குனிந்து தென்னங்கீற்றிலிருந்து இரண்டு இலைகளைக் கிள்ளினாள். ஒன்றின் நுனியில் நார் கட்டி, கரையோரத் தண்ணீரில் குச்சி நட்டு அதில் முடிந்தாள். இன்னொன்றைச் சும்மா விட்டாள். சும்மா விட்ட இலை அலைக்கு விலாவைக் காட்டிக்கொண்டு புரண்டு புரண்டு போயிற்று. கட்டிய இலை நாரின் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு அசையாமல் நின்றது.

ஜாஃபிர் பாக்கை மெல்லுவதை நிறுத்தினான்.

"எஞ்சினை அணைச்சிட்டு மிதந்தோம்னு ஸாலிபே சொல்றார்," என்றாள் ஸஃபூரா. ஸாலிஹ் அண்ணன் என்பதைத் தீவில் ஸாலிபே என்பார்கள். "மிதந்தா தோணி காத்துக்கு விலா காட்டி, வடக்கு தெக்காக் கிடந்திருக்கும். வடக்கேர்ந்து வர்ற கப்பல் தலையையோ வாலையோ இடிச்சு நெடுக்கப் பிளந்திருக்கும். இது குறுக்க அறுபட்டிருக்கு."

"வெள்ளரிக்கா நறுக்கின மாதிரி. அதுவும் இடப்பக்கத்துலேர்ந்து. அப்ப தோணி கிழக்கப் பாத்து நின்னிருக்கு." அவன் குச்சியில் கட்டிய இலையைப் பார்த்தான். "மூக்கைக் கட்டிப் போட்டிருந்தாங்க."

"நடுக்கடல்ல, ஆயிரம் பாகம், அதாவது ஆறாயிரம் அடி ஆழத்துல, எதுல கட்ட முடியும்?"

அந்தப் பக்கக் கடலில் கட்டுவதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. சூரை மீன் கூடுவதற்காக அரசாங்கம் அடியில் பாரம் போட்டு மிதக்கவிட்டிருக்கும் ஆரஞ்சு மிதவை. அதில் தோணியைக் கட்டக் கூடாது. கட்டினால் இழுபட்டுக் கயிறு அறுந்துவிடும்.

முகப்புக் கட்டையில் ஒரு நீலக் கயிற்றின் துண்டு, சுற்றிய சுற்று அப்படியே, முடிச்சோடு இருந்தது. நுனி பிய்ந்திருக்கவில்லை. கத்தியால் வெட்டியிருந்தது.

ஸாலிஹின் வீட்டு முற்றம் பவளமணல் பரப்பிப் பெருக்கி வைத்தாற்போல் இருந்தது. அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, காயம்பட்ட தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தொட்ட மனிதர். உள்ளே கதவுத் திரைக்குப் பின்னால் மகள் ரஷ்ஃபா. புருஷன் செத்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது. திரைக்குக் கீழே அவளுடைய பாதங்கள் தெரிந்தன. அலமாரிமேல் வீட்டு வாக்கி மெல்ல முனகிக்கொண்டிருந்தது. தீவில் எல்லா வீட்டிலும், எல்லாத் தோணியிலும் அதே பொதுச் சேனல்தான். எந்தத் தோணியில் எத்தனை மீன், யார் வீட்டில் குழந்தை, எல்லாம் அதில்தான் வரும்.

"மேடம் மறுபடியும் வந்திருக்காங்க," என்றார் ஸாலிஹ். "ரஷ்ஃபா, ரொஷி சுட்டிருந்தா கொண்டா."

"ரொஷி வேணாம் ஸாலிபே. ஒரு கேள்விதான். அன்னிக்குத் தோணியை எதுல கட்டியிருந்தீங்க?"

எண்ணெய் தேய்த்த கை நின்றது.

"கட்டலியே. மிதவைக்குக் கிழக்க ரெண்டு மைல் போயி எஞ்சினை நிறுத்தினோம். விடியும்போது ஓட்டம் மிதவைக்கிட்ட கொண்டுவந்து விட்டுரும்னு. எல்லா கேயொளுவும் செய்யறதுதான். விளக்கு எரிஞ்சிட்டிருந்தது. நான்தான் சொன்னேனே."

ஒரு சொல் பிசகாமல் மூன்று நாளாக இதையே சொல்கிறார். மனப்பாடம் செய்ததைத்தான் அப்படிச் சொல்ல முடியும்.

"நீங்க மிதவைக்கு ரெண்டு மைல் வெளியன்னு சொன்னதாலதான் அவன் தப்பிச்சுப் போறான்," என்றாள் ஸஃபூரா. "பன்னிரண்டு மைலுக்குள்ளன்னா அந்தக் கேப்டனை மாலேயில கூண்டுல ஏத்தலாம். வெளியன்னா ஒண்ணும் பண்ண முடியாது. இன்னிக்கு நாலு மணிக்குக் கிளம்பறான்."

ஸாலிஹ் அவளையே பார்த்தார். இப்படி ஒரு கோடு கடலில் இருப்பது அவருக்குத் தெரியாது. நாற்பது வருஷமாக அதைத் தாண்டிப் போய் வந்தவர். யாரும் சொன்னதில்லை. கோடு கண்ணுக்குத் தெரியவா செய்கிறது.

"கடல்ல எங்க செத்தாலும் சாவுதானே," என்றார்.

"சாவு ஒண்ணுதான். சட்டம் வேற வேற," என்றான் ஜாஃபிர். அவன் குரலில் கேலி இல்லை.

திரைக்குக் கீழே பாதங்கள் நகர்ந்தன. ஸாலிஹ் அவற்றைப் பார்த்தார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்தார். "இங்க வேணாம்," என்றார் அடங்கிய குரலில். "படகு வெச்சிருக்கீங்கள்ல. வாங்க."

தீவு அலுவலகத்து ஸ்பீட் போட் வெளிப் பாறைத்திட்டைத் தாண்டியபோது, ஸஃபூரா கையடக்க ஜி.பி.எஸ். கருவியில் ஒரு குறி போட்டுக்கொண்டாள். பன்னிரண்டு மைலும் அந்தத் திட்டிலிருந்துதான் எண்ணப்படும்.

ஸாலிஹ் கடலைப் பார்த்துப் பேசினார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி மிதவை அறுந்துபோச்சு. கட்டிக் கட்டி அறுத்துட்டாங்க. புதுசு வர எட்டு மாசம். எட்டு மாசமும் தீவுல அடுப்பு சரியா எரியல. புதுசு வந்தப்ப, நான்தான் எல்லா கேயொளுவையும் கரையில நிக்க வெச்சு சத்தியம் வாங்கினேன். இனி எவனும் கட்டக் கூடாதுன்னு. ஒருத்தன் கட்டினான். ஒரு மாசம் அவன் மிதவைப் பக்கமே வரக் கூடாதுன்னு தள்ளி வெச்சேன். அவன் பிள்ளைங்க என் வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. நான் இரங்கல."

"அன்னிக்கு நீங்களே கட்டினீங்க."

"ஈஸா ரெண்டு ராத்திரி தூங்கல. எனக்கும் முடியல. மிதந்தா ஒருத்தன் முழிச்சிருக்கணும். ஒரே ஒரு ராத்திரிதானேன்னு நினைச்சேன். கப்பல் போனதும் பாதித் தோணி மிதவையிலேயே தொங்குது. காலையில யாராவது பாத்தா? ஒரு கை பலகையில, ஒரு கையில கத்தி. அறுத்துவிட்டேன். பக்கத்துல அந்தப் பையன் வலியில முனகறான், நான் கயிறு அறுக்கறேன்."

ஜாஃபிர் பாக்கைக் கடலில் துப்பினான்.

ஸஃபூராவை அரித்தது வேறொன்று. பையிலிருந்து மிதவைப் பட்டியலை எடுத்தாள். அரசாங்க முத்திரையோடு தெளிவாக அச்சடித்திருந்தது. கெந்துஃபரு மிதவை, வெளித்திட்டிலிருந்து பன்னிரண்டு புள்ளி ஆறு மைல்.

"அரைமைலுக்கு மேல இடிக்குது மேடம்," என்றான் ஜாஃபிர், அவள் தோளுக்கு மேலாகப் பார்த்து. "கிழவர் மானத்தை விட்டுச் சொன்னதும் வீண். கட்டியிருந்தாலும் வெளியதான்."

"பட்டியலை நம்பி அவனை விடறதுக்கு முன்னாடி மிதவையைக் கண்ணால பாக்கணும்."

மணி இரண்டேகாலுக்குப் பட்டியல் சொன்ன இடத்துக்கு வந்தார்கள். கருவி பன்னிரண்டு புள்ளி ஆறு காட்டியது. சுற்றிலும் தண்ணீர். மிதவை இல்லை. படகோட்டி ஒரு வட்டம் போட்டான், இன்னொரு பெரிய வட்டம் போட்டான். ஒரு கடற்பறவைகூட இல்லை.

"அறுந்து போயிருச்சு," என்றான் ஜாஃபிர். "கப்பல் இடிச்சதுல மிதவையும் போச்சு. இனிமே கட்டின இடம்னு காட்ட ஒண்ணுமில்ல. கேஸ் முடிஞ்சுது."

நாலு மணிக்கு அந்தக் கப்பல் நங்கூரத்தைத் தூக்கும். கேப்டன் மேல்தட்டில் நின்று தேநீர் குடிப்பான். கோபத்தில் ஸஃபூராவுக்குக் கண் கரித்தது.

பின்னாலிருந்து ஒரு சத்தம். ஸாலிஹ் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"இங்க எதுக்குத் தேடறீங்க?"

"பட்டியல்ல இங்கதான் போட்டிருக்கு ஸாலிபே."

"எப்ப எழுதினாங்க?"

அவள் தாளைத் திருப்பினாள். அடியில் தேதி இருந்தது. ஜூலை கடைசி.

"ஃபுஸ் நட்சத்திரம்," என்றார் அவர். "அப்ப ஹுளங்கு, மேற்குக் காத்து, ஓட்டம் கிழக்க இழுக்கும். மிதவை வெளிய போய் நிக்கும். இப்ப ஹுவன் நட்சத்திரம், இருவைக் காத்து. ஓட்டம் மேற்க. ஆழம் தொள்ளாயிரம் பாகம், கயிறு ஆயிரத்து இருநூறு பாகம். அத்தனை நீளக் கயித்தை வெச்சுக்கிட்டு அது ஒரே இடத்துல நிக்குமா? ஹுளங்குல ஊரைவிட்டுப் போகும், இருவையில வீட்டுக்குத் திரும்பி வரும். இது தெரியாம எப்படிப் பட்டியல் போட்டாங்க?"

படகோட்டியை விலகச் சொல்லி, சுக்கானைத் தன் கையில் வாங்கினார். திசைகாட்டியைப் பார்க்கவில்லை. வெயில் எந்தப் பக்கம் என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். படகு மேற்கே திரும்பியது, தீவை நோக்கி.

ஸஃபூரா கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு எண்களையே பார்த்தாள். பன்னிரண்டு புள்ளி நாலு. பன்னிரண்டு புள்ளி ஒன்று. பன்னிரண்டு. பதினொன்று புள்ளி ஒன்பது.

முதலில் பறவைகள் தெரிந்தன. பிறகு அவற்றுக்குக் கீழே, அலையில் ஏறி இறங்கும் ஆரஞ்சு உருண்டை.

பதினொன்று புள்ளி ஏழு.

மிதவையின் வளையத்தில் ஒரு முழ நீளத்துக்கு நீலக் கயிறு தொங்கியது. நுனி கத்தியால் வெட்டுப்பட்டிருந்தது. ஸாலிஹ் அதைத் தொடவில்லை. தான் போட்ட முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம்," என்றான் ஜாஃபிர். அவனுக்கு உயிர் வந்திருந்தது. "வக்கீல் சும்மா இருப்பானா? எங்க ஏட்டுல பதினாலு புள்ளி ஆறு இருக்கு, இது மீனவன் வார்த்தைம்பான். ஏட்டா, கிழவரா?"

"அந்த ஏடுதான் அவனை மாட்டிவிடப் போகுது." ஸஃபூராவுக்கு அது அப்போதுதான் விளங்கியது. "நல்லா யோசி. ஸாலிபே காப்பாத்தப்பட்டதும் என்ன செஞ்சார்?"

"அவரைத் தூக்கின தோணியோட வாக்கியில பேசினார். மிதவைக்குக் கிழக்க ரெண்டு மைல்னு. பொதுச் சேனல். ஊரே கேட்டுச்சு."

"மறுநாள் கப்பல்ல ஏறின சரக்கு ஏஜண்ட் உள்ளூர் ஆளு. அவனும் கேட்டிருப்பான். அப்புறம்தான் கப்பல் ஏட்டுல அந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கு. பட்டியல்ல பன்னிரண்டு புள்ளி ஆறு, அதோட ரெண்டு. பதினாலு புள்ளி ஆறு."

ஜாஃபிர் விரல்விட்டுக் கூட்டினான். "ஆனா மிதவை இப்ப பதினொண்ணு புள்ளி ஏழுல இருக்கு. அவன் நெசமாவே ரெண்டு மைல் தள்ளி இடிச்சிருந்தாலும் பதிமூணு புள்ளி ஏழுதான வரும்."

"பதினாலு புள்ளி ஆறுங்கற இடம் கடல்ல கிடைக்காது. காகிதத்துலதான் கிடைக்கும். ரெண்டு பேர் தனித்தனியா ஒரே உண்மையைச் சொல்லலாம். தனித்தனியா ஒரே பொய்யைச் சொல்ல முடியாது."

"நம்ம ஆளோட பொய்யைப் பாத்து காப்பியடிச்சிருக்கான்," என்றான் ஜாஃபிர். "எங்க கப்பல்ல காப்பியடிக்கிற பயலுக்கு வெங்காயம் உரிக்கிற வேலைதான் குடுப்பேன்."

மூன்று மணி பத்து நிமிஷம். ஸஃபூரா வாக்கியை எடுத்தாள். ஒன்பதாம் சேனலில் ரிஃபாத் எல்லாவற்றையும் கேட்டான். ஏட்டு விஷயத்தில் ஒரு தடவை விசில் அடித்தான்.

"போதும், ஏறக்குறைய போதும். ஆனா இதெல்லாம் நிக்கறது ஒரே ஆணியில. தோணி கட்டியிருந்ததுன்னு கேயொளு தன் வாயால சொல்லணும். இப்பவே, நான் பதிவு பண்றேன். பழைய வாக்குமூலத்தை அவரே தப்புன்னு சொல்லணும்."

ஸஃபூரா வாக்கியை ஸாலிஹிடம் நீட்டினாள். "தனிச் சேனல்தான் ஸாலிபே. ரிஃபாத் சாருக்கும் எனக்கும் மட்டும்தான் கேக்கும்."

அவர் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் அதைப் புரட்டிப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் திருகைத் திருப்பிப் பொதுச் சேனலில் வைத்தார்.

"ஸாலிபே, அது..."

"தெரியும். நான் சத்தியம் வாங்கினது எல்லார்கிட்டயும். உங்க ரெண்டு பேர்கிட்ட இல்ல."

பொத்தானை அழுத்தினார்.

"கெந்துஃபரு ஸாலிஹ் பேசறேன். எல்லாரும் கேளுங்க. சட்ட அலுவலகத்து சாரும் இந்தச் சேனலுக்கு வந்து கேக்கட்டும். அன்னிக்கு நான் மிதந்துக்கிட்டிருக்கல. மிதவையில கட்டியிருந்தேன். என் கையால கட்டினேன். கப்பல் எங்களை இடிச்சது மிதவையில. நான் முன்ன சொன்னது பொய். யாரை நான் தள்ளி வெச்சேனோ, அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

விரலை எடுத்தார். கடலெங்கும் பரவியிருந்த தோணிகள், தீவுகளின் சமையலறைகள், எல்லாம் அந்தச் சேனலில் இருந்தன. ரிஃபாத்தின் குரல் வந்தது.

"படகு வாக்கியில கேட்டேன். பதிவாயிடுச்சு. கப்பல் நிக்கும். கேப்டனைக் கீழ இறக்கறோம்."

ஜாஃபிர் படகின் விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்தான். ஸஃபூராவுக்கு நிம்மதி வரவேண்டிய நேரம். வரவில்லை. துணியில் சுற்றிய ஒரு விளக்கு அவள் நெஞ்சில் கிடந்து உறுத்தியது.

வாக்கி மறுபடியும் கரகரத்தது. பெண் குரல்.

"வாப்பா."

ஸாலிஹின் முகம் வெளுத்தது.

"வாப்பா, விளக்கு எரிஞ்சுதா?"

வக்கீலும் இதே சேனலைக் கேட்டுக்கொண்டிருப்பான் என்று ஸஃபூராவுக்குத் தெரியும். விளக்கு இல்லாத தோணி என்றால் பாதிப் பழியை அவன் இந்தக் கிழவர் தலையில் கட்டுவான். திருகு அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு திருப்பு திருப்பினால் போதும். கை நீண்டது. பாதியில் நின்றது. கேட்டது வக்கீல் இல்லை. கேட்கும் உரிமை உள்ள ஒரே ஆள் கேட்டிருக்கிறாள்.

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஸாலிஹ் பொத்தானை அழுத்தினார். இரண்டு தடவை அழுத்தி விரலை எடுத்துவிட்டார். மூன்றாவது தடவை பேசினார்.

"இல்லம்மா. கட்டியிருக்கறது மத்தத் தோணிக்குத் தெரிஞ்சிரும்னு நான்தான் அணைச்சேன். ஈஸா வேணாம்னுதான் சொன்னான்."

அந்தப் பக்கம் ரஷ்ஃபா பொத்தானை அழுத்தினாள். குரல் வரவில்லை. அவள் வீட்டுச் சத்தங்கள் மட்டும் வந்தன. அடுப்பில் ஏதோ கொதித்தது, வேலிக்கு அப்பால் யாரோ தேங்காய் துருவினார்கள், ஒரு கோழி கொக்கரித்தது. ஸாலிஹ் வாக்கியைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றார். படகு மிதவையைச் சுற்றி மெல்ல ஆடியது.

அவள் விரலை எடுக்கவில்லை. அவள் எடுக்கும்வரை அந்தச் சேனலில் வேறு யாராலும் ஒரு வார்த்தை பேச முடியாது.